முதிர்ந்த பெண்மானைச் சுடுவது சுலபமா?

"பெரிய கொம்புள்ள ஆண்மானை வீழ்த்துவதுதான் வேட்டை, பெண்மானை யார் வேண்டுமானாலும் சுடலாம்" என்று அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டை பற்றி ஒரு பேச்சு சுற்றுகிறது. இது தவறு.

ஆண்மான் எவ்வளவு உஷாராக இருந்தாலும், பெரும்பாலான இடங்களில் நவம்பர் வாக்கில் இணைசேரும் பருவம் வந்ததும் பெண் வாடையைத் தேடிப் பட்டப்பகலிலேயே அலையும், தீனியைக்கூட மறக்கும். பெண்மானுக்கு அந்தச் சறுக்கல் கிடையாது. தாய், மகள், குட்டிகள் என்று கூட்டமாக மேய்வதால் ஏதாவது ஒரு தலை நிமிர்ந்தே இருக்கும். அதிலும் வயதான தாய்மான் இருக்கிறதே, சந்தேகம் வந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டும். மேய்வதுபோலக் குனிந்து, சட்டென்று தலையைத் தூக்கிப் பார்க்கும். மரத்துப் பரணில் இருப்பவர் அந்நேரம் அசைந்தால் போச்சு. மூக்கால் ஒரு சீறல், வாலைத் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் ஓட்டம்.

சரி, முதிர்ந்த ஆண்மான்கள் எண்ணிக்கையில் குறைவு, கண்ணில் படுவதே அபூர்வம். அது நிஜம். ஆனால் அபூர்வமாக இருப்பது வேறு, ஏமாற்றக் கடினமாக இருப்பது வேறு.

"பெண்மானைச் சுட்டால் இனமே அழியும்" என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. முதிர்ந்த பெண்மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். மான் பெருத்துப்போன பகுதிகளில் மாநில வனவிலங்குத் துறைகள் பெண்மானுக்குக் கூடுதல் அனுமதிச் சீட்டு கொடுப்பது அதனால்தான்.