நடிக்கிறார் என்று சொல்வதற்கு முன்

பார்க்கின்சன் வந்தவரை வீட்டில் இருப்பவர்களே "வேணும்னே செய்யறார்" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. நோயே போதாதா, இந்தப் பழி வேறா?

மூளையின் ஆழத்தில் பேசல் கேங்க்லியா என்று சில நரம்புத் திரள்கள் இருக்கின்றன. நடை, பட்டன் போடுவது, பேசும்போது முகம் மாறுவது என்று நாம் யோசிக்காமலே செய்யும் அசைவுகளுக்கு அவற்றின் தயவு வேண்டும். அங்கே டோபமின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனம் குறைந்துபோவதுதான் பார்க்கின்சன். 1817-லேயே ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்து எழுதிவிட்டார். இன்னமும் பலர் இதைக் கை நடுக்கம் என்று மட்டுமே நினைக்கிறார்கள். நடுக்கமே இல்லாமலும் இது வரும். முகத்தசை இறுகி, மனதில் இருக்கும் சந்தோஷம் வெளியே தெரியாது. பார்ப்பவர்கள் "மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கார்" என்பார்கள்.

வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். தரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினால் அதைத் தாண்டி நடந்துவிடுவார். உடனே சந்தேகம்: "இப்ப மட்டும் எப்படி முடிஞ்சது?" தானாக நடக்க வேண்டிய நடைதான் அவருக்குப் போய்விட்டது. கண்ணுக்கு ஒரு அடையாளம் கிடைத்தால் மூளை வேறு வழியில் அந்த வேலையை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டோபமின் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையும் இப்படித்தான். அது வேலை செய்யும் நேரத்தில் நன்றாக நடப்பவர், அதன் வேகம் குறைந்ததும் நாற்காலியை விட்டு எழ முடியாமல் தவிப்பார்.

அதே நரம்புத் திரள்களோடு தொடர்புள்ள வேறு நோய்களிலும் இந்தப் பழி வரும். ஹண்டிங்டன் நோயில் உடல் தன்போக்கில் ஆடும்; தெருவில் போகிறவர்கள் குடிகாரர் என்று ஒதுங்குவார்கள். டூரெட் என்ற நரம்புக் கோளாறு உள்ள பிள்ளை, தன்னை மீறி வரும் கண் சிமிட்டலையும் தொண்டைச் சத்தத்தையும் கொஞ்ச நேரம் அடக்கி வைக்க முடியும் என்பதாலேயே, வகுப்பில் அது குறும்பாகிவிடுகிறது.

எனக்கு அதிகம் பதறுவது வில்சன் நோயை நினைத்துத்தான். உடலில் தாமிரம் வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் சேர்கிறது. நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து கெடும், பேச்சு குழறும், எரிச்சல் கூடும். வளர்கிற வயது, திமிர் என்று திட்டிக்கொண்டே மாதங்கள் போய்விடும். இதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். இப்படி மாற்றம் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையோடு கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இது பரம்பரை நோய் என்பதால், உறுதியானால் கூடப் பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள், அவர்களிடம் ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும் சரி. ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.