கீ2 செத்துப்போகவில்லை

அண்ணே, "பட்டன் வைத்த பிளாக்பெர்ரி போன் எல்லாம் 2022-லேயே செத்துப்போச்சு" என்று நீங்கள் எழுதியது பாதிதான் சரி. அந்த ஆண்டு ஜனவரி 4-இல் சேவை நின்றது பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளங்களான பிளாக்பெர்ரி ஓஎஸ் 7.1, அதற்கு முந்தியவை, அப்புறம் பிளாக்பெர்ரி 10, இவற்றுக்குத்தான். கீஒன் (KEYone), கீ2 (KEY2) என்ற பட்டன் பிளாக்பெர்ரிகள் இரண்டும் ஆண்ட்ராய்டு. அவற்றுக்கு அந்த நிறுத்தம் கிடையாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் மாமா இன்னும் கீ2தான் வைத்திருக்கிறார். செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப்போன கட்டைவிரலுக்குக் கண்ணாடித் திரை சரிப்படவில்லை, பட்டன் என்றால் அழுத்தியது விரலுக்கே தெரிகிறதாம். ஸ்பேஸ் பட்டனில் கைரேகை பூட்டும் உண்டு. ரேகை தேய்ந்த மனிதர், எண்ணைத்தான் தட்டுகிறார்.

ஆனால் கீ2 2018-இல் ஆண்ட்ராய்டு 8.1-ஓடு வந்தது, 9-க்குப் போகவே இல்லை. பழைய ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு குறைவு, அதனால் வங்கிச் செயலியை அதில் வைக்காதீர்கள்.