அந்தக் கண்ணீரைச் சான்றிதழாக்காதீர்கள்

"ஸ்டாலின் அவ்வளவு பெரிய கொடுங்கோலன் என்றால், அவர் இறந்தபோது ரஷ்ய மக்கள் ஏன் அப்படி அழுதார்கள்?" சென்ற வாரம் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார். மனதாரக் கேட்ட கேள்விதான். அதனால் நானும் மனதாரப் பதில் சொல்கிறேன்.

சோவியத் தூதரகம் தமிழில் வெளியிட்ட 'சோவியத் நாடு' இதழ் எங்கள் வீட்டுக்கு வரும். அதன் வழவழப்பான தாள்களைக் கிழித்துத்தான் அப்பா என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவார். கோதுமை வயலில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்களின் முகங்களைப் பார்த்தபடியே வாய்ப்பாடு படித்தவன் நான். அந்த முகங்கள் மேல் எனக்கு இன்றும் பாசம் உண்டு. அவர்கள் பட்டதை யாராவது இல்லை என்று சொல்லும்போது வரும் கோபமும் அந்தப் பாசத்திலிருந்து வருவதுதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அழுதது உண்மை. 1953 மார்ச் 5 அன்று சோவியத் ஒன்றியத்தின் தலைவர் ஸ்டாலின் இறந்தார். உடலைப் பார்க்க மாஸ்கோவில் திரண்ட கூட்டம், ட்ரூப்னயா சதுக்கத்துக்கு இறங்கும் சரிவில், தடுப்பாக நிறுத்தியிருந்த லாரிகளுக்கும் கட்டடச் சுவர்களுக்கும் நடுவே சிக்கி நசுங்கியது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று அரசு சொல்லவே இல்லை. அங்கே போனவர்களை யாரும் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகவில்லை. தகப்பனைக் கட்டாய உழைப்பு முகாமுக்குப் பறிகொடுத்த பிள்ளைகள்கூட அன்று அழுதார்கள். அதே நாளில், முள்வேலிக்குள் இருந்த கைதிகள் தொப்பியை வானத்தில் எறிந்து மகிழ்ந்தார்கள்.

ஆனால் மக்கள் மனதில் என்ன இருந்தது என்று அறிய வேறொரு நாளைப் பார்க்க வேண்டும். 1937 ஜனவரி 6. அன்று சோவியத் ஒன்றியம் முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. படிவத்தில் மதம் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. தேவாலயங்களை இடித்தாயிற்று. மாஸ்கோவின் பெரிய கிறிஸ்து ஆலயத்தையே 1931இல் வெடி வைத்துத் தகர்த்தாயிற்று. ஏராளமான பாதிரியார்கள் சிறையில். அப்படிப்பட்ட காலத்தில், வீட்டு வாசலில் நின்று பெயரை எழுதிக்கொள்ளும் அரசாங்க ஊழியரிடம், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோர் "எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு" என்று சொன்னார்கள். எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிற இடம் இது.

அந்தக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. 1934இலேயே நாட்டில் 16.8 கோடிப் பேர் இருப்பதாக ஸ்டாலின் அறிவித்திருந்தார். மூன்று ஆண்டு கழித்து எண்ணியபோது 16.2 கோடிதான் வந்தது. உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வோல்கா கரையிலும் 1932-33 பஞ்சத்தில் செத்தவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள், எல்லாரும் அந்தத் துண்டுவிழுந்த தொகையில் இருந்தார்கள். அரசு என்ன செய்தது? கணக்கெடுப்பே நாசவேலை என்று ரத்து செய்தது. அதை நடத்திய அதிகாரி க்வீத்கினைச் சுட்டுக் கொன்றது. 1939இல் மறுபடியும் எண்ணினார்கள். இம்முறை மதம் பற்றிய கேள்வியே இல்லை.

கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வந்ததற்காகக் கேட்டவனையே கொன்ற நாட்டில், மக்கள் முகத்தைப் பார்த்து மனதைப் படித்துவிடலாம் என்று எப்படி நம்புகிறீர்கள்?

நகரத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சமையலறையும் கழிப்பறையும் ஐந்தாறு குடும்பங்களுக்குப் பொது. பக்கத்து அறைக்காரன் உளவுத்துறைக்கு ஒரு கடுதாசி எழுதிப்போட்டால் நீங்கள் காணாமல் போவீர்கள், சில சமயம் உங்கள் அறையும் அவனுக்கே கிடைக்கும். அதனால் பெரியவர்கள் பிள்ளைகள் காதில் விழாமல் கிசுகிசுத்தார்கள். குடும்பப் புகைப்படத்தில் கைதானவரின் முகத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். கைதானவனின் மனைவியையும் முகாமுக்கு அனுப்பலாம், பிள்ளைகளை அநாதை இல்லத்தில் போடலாம் என்று 1937 ஆகஸ்டில் எழுத்துப்பூர்வமான உத்தரவே இருந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், எந்த மாகாணத்தில் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று இலக்கம் போட்டு இன்னோர் உத்தரவு போயிருந்தது. 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் மரண தண்டனை பெற்றவர்கள், உளவுத்துறையின் சொந்த ஆவணப்படியே, 6,81,692 பேர்.

சிறை வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கவிஞர் அக்மதோவா மகனுக்காக லெனின்கிராடில் பதினேழு மாதம் அப்படி நின்றவர். கைதிக்காகச் சன்னலில் கொடுக்கும் பணத்தைச் சிறைக்காரர்கள் வாங்கிக்கொண்டால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று பொருள். "கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டு" என்று சொன்னால்? பாவம், பத்தாண்டு காத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு, ஏற்கெனவே சுட்டாயிற்று என்று பொருள்.

அந்தப் பெண்களில் பலர் வீட்டுக்குப் போய் ஸ்டாலினுக்குத்தான் மனு எழுதினார்கள். தோழர் ஸ்டாலினுக்கு இது தெரியாது, தெரிந்தால் விடமாட்டார் என்று நம்பினார்கள். ஜார் நல்லவர், சுற்றியிருக்கும் பிரபுக்கள்தான் கெட்டவர்கள் என்பது ரஷ்யாவில் தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. அந்தக் கைதுகளை நடத்திய உளவுத்துறைத் தலைவர் யெஷோவை ஸ்டாலின் நீக்கிச் சுட்டுக் கொன்றபோது அந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேலே ஒருவராவது நல்லவர் என்று நம்பாமல், அந்தச் சமையலறையில் மறுநாள் காலை எழுந்து எப்படி அடுப்பு மூட்டுவது?

ஸ்டாலினை நேசிக்க உண்மையான காரணங்களும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியின் மகள் பொறியாளர் ஆனாள். ஒன்பது முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ளவர்களில் எழுத்தறிவு 1926இல் 57 விழுக்காடு, 1939இல் 87. பிறகு போர் வந்தது. ஏறத்தாழ 2.7 கோடிப் பேரைப் பலி கொடுத்துப் பெற்ற வெற்றியின் மேல் அவருடைய படம் ஒட்டப்பட்டது. மகனைப் போரில் இழந்த தாய் அந்தப் படத்தைப் பார்த்து அழுதால், அவள் யாருக்காக அழுகிறாள் என்று நீங்களும் நானும் பிரித்துச் சொல்ல முடியுமா?

கிராமத்தில் கதை வேறு. 1932இன் கடைசியில் கொண்டுவந்த உள்நாட்டு பாஸ்போர்ட் கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்குக் கொடுக்கப்படவில்லை. அது இல்லாமல் ஊரைவிட்டு வேறிடம் போய்க் குடியேற முடியாது. இந்த நிலை 1974 வரை நீடித்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ரஷ்யப் பெயரின் மூன்று முதலெழுத்துகளுக்கு "இரண்டாவது பண்ணையடிமை முறை" என்று விவசாயிகள் தங்களுக்குள் விரிவாக்கம் சொல்லிக்கொண்டார்கள். 'சோவியத் நாடு' அட்டையில் நான் பார்த்த பெண்களின் அம்மாக்கள் சொன்ன விரிவாக்கம் அது.

இன்றைய நிலையும் நண்பருக்குத் தெரியட்டும். 2019இல் லெவாடா மையம் எடுத்த கருத்துக்கணிப்பில், ரஷ்யர்களில் 70 விழுக்காட்டினர் ஸ்டாலின் நாட்டுக்கு நன்மையே செய்தார் என்றார்கள். 2025 மே மாதம் மாஸ்கோவின் தாகன்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில் அவருடைய புடைப்புச் சிற்பம் மறுபடியும் வைக்கப்பட்டது. இதையும் சான்றாக எடுத்து வருவார்கள் என்று தெரியும். கொலைப் பட்டியல்களைத் தேடித் தொகுத்த மெமோரியல் அமைப்பைக் கலைக்கச் சொல்லி 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாடு அது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மாஸ்கோவின் பழைய வீடுகள் சிலவற்றின் சுவரில், உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகுத் தகடு இருக்கும். இங்கே வாழ்ந்தார் என்று ஒரு பெயர், செய்த வேலை, பிறந்த ஆண்டு, கைதான நாள், சுட்ட நாள். பக்கத்தில் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு வெற்று ஓட்டை. 2014 முதல் பொதுமக்களே பணம் போட்டுப் பதித்து வருகிறார்கள். அண்மை ஆண்டுகளில் யாரோ இரவில் வந்து பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சில வீடுகளில், தகடு இருந்த அதே இடத்தில், அதே பெயரையும் தேதிகளையும் அட்டையில் எழுதி யாரோ ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.