கோச்சை அழைத்து வருவது எளிது, வைத்துக்கொள்ளத்தான் நமக்குத் தெரியவில்லை

2010 அக்டோபர். டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் ஹாக்கி இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 8, இந்தியா 0. நம் தலைநகரம், நம் ரசிகர் கூட்டம், ஒரு கோல்கூட நம்மால் போட முடியவில்லை. தோல்வியை விட எனக்கு வலித்த விஷயம் ஒன்று உண்டு. அன்றைக்கு ஆஸ்திரேலிய அணியின் கோச் ரிக் சார்ல்ஸ்வொர்த். இரண்டே வருடத்துக்கு முன்னால் இந்திய ஹாக்கிக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக வந்து, வெறுத்துப்போய்க் கிளம்பிய அதே மனிதர்.

சாதாரண ஆள் இல்லை அவர். ஆஸ்திரேலியப் பெண்கள் அணி அவரிடம் பயிற்சி பெற்றுத்தான் 1996, 2000 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வாங்கியது. அவர் நம்மிடம் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1928-க்குப் பிறகு முதல்முறையாக இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை. 2008 ஏப்ரலில் லஞ்சப் புகார் வெடித்து, ஹாக்கிக் கூட்டமைப்பையே இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்தது. அப்படி ஒரு நேரத்தில் உலகின் தலைசிறந்த ஹாக்கி மூளை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அவருக்கு என்ன அதிகாரம், யாரிடம் பதில் சொல்ல வேண்டும், பணம் எப்போது வரும், எதிலும் தெளிவு இல்லை. ஜூலையில் போய்விட்டார். அடுத்த வருடம் தன் நாட்டு ஆண்கள் அணிக்குப் பொறுப்பேற்றார். 2010 மார்ச்சில் உலகக் கோப்பையை அதே டெல்லியில் வந்து வாங்கிக்கொண்டு போனார். 2014-ல் மறுபடியும் வென்றார்.

சரி, அதிலிருந்தாவது பாடம் படித்தோமா? 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் டெர்ரி வால்ஷ் பயிற்சியில் 16 வருடம் கழித்துத் தங்கம் வந்தது. இறுதியில் பாகிஸ்தானை ஷூட் அவுட்டில் வென்று, ரியோ ஒலிம்பிக்குக்கும் நேராகத் தகுதி பெற்றோம். சில வாரங்களில் வால்ஷ் ராஜினாமா கடிதம் கொடுத்தார். இந்திய விளையாட்டு அதிகார வர்க்கம் முடிவெடுக்கும் விதத்தோடு ஒத்துப்போக முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். சமாதானப் பேச்செல்லாம் நடந்தது, பலனில்லை. அடுத்து 2015-ல் வந்த பால் வான் ஆஸ், இப்போதைய கூட்டமைப்பான ஹாக்கி இந்தியாவின் தலைவரோடு ஏற்பட்ட உரசலுக்குப் பிறகு அதே வருடமே வெளியே. அப்புறம் ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங். 2014 கடைசியிலிருந்து 2019 தொடக்கம் வரை ஆண்கள் அணியின் ஐந்து கோச்கள் பதவியிலிருந்து போனார்கள். ஒவ்வொருவரும் வந்து ஆட்டமுறையை மாற்ற, வீரர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது.

இதைச் சொன்னால் உடனே, "வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்கு இவ்வளவு சம்பளம்?" என்று கேட்கிறார்கள். சம்பளத் தொகையை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தச் சம்பளம் வரும் வழி. கோச்சைத் தேர்ந்தெடுப்பது கூட்டமைப்பு. வெளிநாட்டுக் கோச்சுக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் மத்திய அரசின் இந்திய விளையாட்டு ஆணையம். ஆக, அவருக்கு இரண்டு முதலாளிகள். பிசியோ ஒருவர் வேண்டும் என்றாலும், பயிற்சி முகாமை நீட்டிக்க வேண்டும் என்றாலும் கோப்பு இரண்டு மேசைகளைத் தாண்ட வேண்டும். தோற்றால் மட்டும் பொறுப்பு முழுவதும் அவர் ஒருவர் தலையில். திறமையான எந்த மனிதர் இதைப் பல வருடம் பொறுத்துக்கொள்வார்?

பணத்தில் சிக்கனம் பார்ப்பதாகவும் சொல்ல முடியவில்லை. கால்பந்தில் 2024 ஜூனில் இந்திய ஆண்கள் அணியின் கோச் இகோர் ஸ்டிமாச்சை நீக்கினார்கள். ஒப்பந்தம் 2026 வரை இருந்தது. தகராறு முற்றி, கடைசியில் சுமார் 4 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அணி முன்னேறியதா இல்லையா என்பதை ஒதுக்கி வையுங்கள். எந்த இலக்கைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்று ஒப்பந்தத்திலேயே ஒழுங்காக எழுதியிருந்தால், அந்தப் பணம் ஜூனியர் அணிகளுக்குப் போயிருக்கும்.

பெண்கள் ஹாக்கியில் யானெகே ஸ்கோப்மன் 2024 பிப்ரவரியில், தனக்கு மதிப்பும் மரியாதையும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். சில நாட்களில் பதவியை விட்டார். ஹாக்கி இந்தியா மறுத்தது. பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பு ஏற்கெனவே கைநழுவியிருந்ததால் அவர் மேல் விமர்சனம் இருந்ததும் உண்மைதான். ஆனால் ஒரு தேசிய கோச் தன் குறையைச் சொல்ல ஊடகத்தைத் தவிர வேறு இடமே இல்லை என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

நம் ஊர் கோச்களின் நிலை இன்னும் மோசம். ஹரேந்திர சிங் 2016-ல் ஜூனியர் உலகக் கோப்பையை வென்று கொடுத்தவர். சீனியர் ஆண்கள் அணிக்கு வந்த ஒரு வருடத்துக்குள், உலகக் கோப்பைக் காலிறுதித் தோல்வியைத் தொடர்ந்து எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டவர் வாங்குவதில் சிறு பங்குதான் பொதுவாக நம்மவர்களுக்குக் கிடைக்கிறது. அதைப் பற்றிக்கூட வாய் திறக்க முடியாது, அடுத்த வேலையும் அதே கூட்டமைப்பிடம்தான் கேட்டாக வேண்டும்.

மாறாக, 2019-ல் ஆண்கள் அணிக்கு வந்த கிரஹாம் ரீடை டோக்கியோ ஒலிம்பிக் வரை விட்டுவைத்தார்கள். 41 வருடம் கழித்து ஓர் ஒலிம்பிக் பதக்கம், வெண்கலம், வந்தது. வீரர்களின் உழைப்பும் ஒடிசா அரசு ஸ்பான்சராகத் தந்த பணமும் அதில் பெரிய பங்கு, மறுக்கவில்லை. ஆனால் தொடர்ச்சி இருந்ததால்தான் அந்த உழைப்பும் பணமும் ஒன்று சேர்ந்தன. பாரிஸில் கிரெய்க் ஃபுல்டன் பயிற்சியில் இன்னொரு வெண்கலமும் வந்தது.

2025-ல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. கூட்டமைப்புகளைக் கண்காணிக்க ஒரு வாரியம், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம் என்று அதில் இருக்கிறது. நல்லது. அந்தத் தீர்ப்பாயத்தின் கதவு கோச்களுக்கும் தடையில்லாமல் திறக்க வேண்டும், இந்தியக் கோச்சுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒப்பந்தம் ஒரு முழு ஒலிம்பிக் சுழற்சிக்கு, அதாவது நான்கு வருடத்துக்கு, இருக்கட்டும். அணித் தேர்விலும் உதவிக் குழுவை அமைப்பதிலும் அவருக்கு என்ன அதிகாரம் என்பதைச் சம்பளத்தோடு சேர்த்து அதே தாளில் எழுதுங்கள். அவருடைய கோரிக்கைக்கு இத்தனை நாளுக்குள் பதில் வர வேண்டும் என்று கெடு வையுங்கள். அடுத்த கோச்சின் பெயரை அறிவிக்கும் நாளில் இந்த விதிகளையும் கூடவே வெளியிடுங்கள், நாங்களும் படித்துப் பார்க்கிறோம்.