வாங்காத கடனுக்கு எதற்கு செட்டில்மென்ட்?

“பன்னெண்டாயிரம்தானே, கட்டித் தொலைச்சிடு. மானம் மரியாதையாவது மிஞ்சும்.” வாங்காத கடனுக்கு வசூல் ஏஜென்சி போன் போட்டு மிரட்டும்போது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் யோசனை இதுதான். அந்த ஏஜென்சிகளின் பிழைப்பே இந்த யோசனையை நம்பித்தான் ஓடுகிறது. என்னைக் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

என் தம்பி ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குக் கணக்கே இல்லாத ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் 38,000 ரூபாய் பாக்கி என்று அழைப்பு. முழுப்பெயர், பான் நம்பர், வேளச்சேரியில் முன்பு குடியிருந்த வீட்டு முகவரி, எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தார்கள். அங்கேதான் ஆள் பாதி பயந்துவிடுகிறான். ஜெராக்ஸ் கடையிலும் சிம் கார்டு கடையிலும் நாம் நீட்டிய நகல்கள் எங்கெல்லாம் சுற்றுகின்றனவோ! பான் நம்பர் தெரிந்திருப்பது கடனுக்கு அத்தாட்சி ஆகாது.

“சார், இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் இந்த ஆஃபர். பன்னெண்டாயிரம் போட்டா ஃபைல் க்ளோஸ். இல்லேன்னா அரெஸ்ட் வாரன்ட் வரும், அப்புறம் எங்களைக் கேக்காதீங்க.”

“மொதல்ல ஸ்டேட்மென்ட் அனுப்புங்க.”

“பணத்தைப் போடுங்க சார், உடனே அனுப்புறோம்.”

கடனைத் திருப்பிக் கட்டாதது சிவில் விவகாரம். வாங்கிய கடனுக்கே அதற்காக மட்டும் கைது கிடையாது, வாங்காத கடனுக்கு வாரன்ட் எங்கிருந்து வரும்? வாட்ஸ்அப்பில் ‘லோக் அதாலத் நோட்டீஸ்’ என்று ஒரு பிடிஎஃப் வேறு அனுப்பினார்கள். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும். இதையெல்லாம் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சரி, தொல்லை விட்டது என்று கட்டிவிட்டால்? நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று ஏறும், ‘க்ளோஸ்டு’ என்று ஏறாது. முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று அர்த்தம். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் உட்கார்ந்தால் மேனேஜர் கண்ணில் முதலில் படுவது அதுதான். போதாததற்கு, கடன் உங்களுடையதுதான் என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. நிஜமான பழைய கடனில்கூட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி வழக்குப் போடுவதற்கான 3 வருடக் கெடு முடிவதற்குள் எழுத்து ஆதாரத்தோடு ஒரு சின்னத் தொகை கட்டினாலே கெடு புதிதாக ஆரம்பித்துவிடும். ‘ஐநூறு ரூபாயாவது போடுங்க சார்’ என்று ஏன் கெஞ்சுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

போனில் வாதாடுவதை நிறுத்தச் சொன்னேன். அழைப்பைப் பதிவு செய்துகொண்டு, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டோம். இந்தக் கடன் என்னுடையதல்ல, விண்ணப்பப் படிவம், கேஒய்சி நகல், கார்டு டெலிவரி ஆன அத்தாட்சி, முழு ஸ்டேட்மென்ட், ஏஜென்சிக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம் எல்லாம் வேண்டும் என்று. புகார் முடியும்வரை விவகாரத்தை ஏஜென்சியிடம் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லியிருக்கிறது. அதையும் எழுதினோம். இதற்கிடையில் அவன் கம்பெனி எச்.ஆருக்கே போன் செய்துவிட்டார்கள் பாவிகள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, ஆளை வெளியில் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வந்தது. யார் படித்தார்கள்?

ஒருவழியாகப் படிவம் வந்தது. போட்டோவில் நாற்பதைத் தாண்டிய, பெரிய மீசை வைத்த யாரோ ஒருவர். கீழே ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். தம்பி பள்ளிக்கூட நாளிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுவான். அவ்வளவுதான் விஷயம். இதை யாராவது ஒருவர் ஒரு நிமிடம் திறந்து பார்த்திருந்தால் அந்த முதல் அழைப்பே வந்திருக்காது. ‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று வங்கி மெயில் போட்டது. எச்.ஆரிடம் யார் போய் வருந்துவது?

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம், வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. நான்குமே வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். தப்பான பதிவைப் பற்றிப் புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. நான்கையும் பாருங்கள், ஒன்றில் திருத்தியது இன்னொன்றில் அப்படியே கிடக்கும்.

ஏற்கெனவே பயந்து பணம் போட்டவர்கள் ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம், உங்களுக்கும் இதே புகார் வழி உண்டு. பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று முதலில் பாருங்கள். வங்கியின் பெயருக்குப் போகாமல் யாரோ தனி ஆளின் யுபிஐக்குப் போயிருந்தால், சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.