1899-ல் ஒற்றையர் ஆட்டமே கிடையாது

முதல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் போட்டியிலேயே ஒற்றையர் சாம்பியன் இருந்ததாக, அந்தப் போட்டியின் ஆரம்ப காலம் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது தவறு. 1899-ல் ஆண்கள், பெண்கள், கலப்பு என மூன்றுமே இரட்டையர் ஆட்டங்கள்தான். ஒற்றையர் 1900-ல் சேர்ந்தது; சிட்னி ஸ்மித்தும் எத்தல் தாம்சனும் வென்றார்கள்.

சாம்பியன்கள் பட்டியலைப் பார்க்கும்போது பெயரில் கவனம் வேண்டும். 1900, 1901, 1903, 1904, 1906 ஆண்டுகளில் ஒற்றையர் பட்டம் வென்ற தாம்சன்தான், திருமணத்துக்குப் பின் லார்கோம் என்ற பெயரில் 1912 விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை வென்றவர். இருவராக எண்ணிவிடுகிறார்கள். இடையில் 1902, 1905 பட்டங்கள் மெரியல் லூகாஸுக்கு. 1907 முதல் 1910 வரையும் அவரே! இவ்வளவு பெரிய வீராங்கனையை விட்டுவிட்டு அந்தக் காலத்தை எழுதலாமா?

ஆடுகளமும் முக்கியம். 1901 வரை அது வலையருகே இடுப்புபோல் குறுகியிருந்தது; அதனால் வலையோரம் பக்கவாட்டில் இறகுப்பந்தைத் தட்டிவிட இடம் குறைவு. 1901-ல்தான் செவ்வகமானது.