கட்டணம் கட்டினால் இடம் கிடைத்துவிடாது
பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கோடைக்காலப் பயிற்சியில் சேர்ந்த பள்ளி மாணவருக்குப் பின்னர் அங்கேயே இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று, கோடைப் பயிற்சிகளைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு இவ்வகுப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்கள் பலவும், இதில் சேர்வது இளநிலை அனுமதிக்கு உத்தரவாதம் ஆகாது என்று தாங்களே தெளிவாகச் சொல்கின்றன. கட்டுரை தொடாமல் விட்டது, 1960-களின் நடுவில் வறுமை ஒழிப்பு முயற்சிகளின் அங்கமாகத் தொடங்கி, அமெரிக்கக் கூட்டரசு நிதியில் நடந்துவரும், பள்ளி மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்படுத்தும் ‘அப்வர்ட் பவுண்ட்’ திட்டத்தை. இதில் மாணவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. சேர்க்கப்படுவோரில் மூன்றில் இரு பங்கினராவது, வருமானம் குறைந்த, பெற்றோர் பட்டம் பெறாத குடும்பங்களிலிருந்து வர வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் நடந்த அதன் கோடை முகாமில் நான் கணிதம் சொல்லிக்கொடுத்தபோது, பேராசிரியரின் அறைக்கதவில் ஒட்டியிருந்த சந்திப்பு நேரத்தைப் படித்த மாணவி ஒருத்தி, அது தனக்கானதல்ல என்று எண்ணித் திரும்பிப் போகப் பார்த்தாள்; மாணவர்கள் சந்தேகம் கேட்பதற்கான நேரமே அது என்று சொன்னபின், வாரந்தோறும் நோட்டுப்புத்தகத்தோடு போய் நின்றாள். கல்லூரியில் தாக்குப்பிடிக்க இந்தத் துணிவுதான் முதலில் வேண்டும். இலவசம் என்றால் தரம் இருக்காது என்று இங்கே மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் 1970-களின் நடுவில் தொடங்கிய, பள்ளி மாணவர்களுக்கான ‘மைட்ஸ்’ அறிவியல், பொறியியல் கோடைப் பயிற்சியைப் பார்க்கட்டும்: கல்வி, தங்குமிடம், உணவு எதற்கும் அங்கே கட்டணமில்லை, ஆனால் விண்ணப்பிப்பவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைக்கிறது.